ஒரே வளாகம், தனித்தனி ஆலைகள்: கடலூர் சிப்காட் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் வழக்கமாகப் போய்வருகிறவர்கள், பச்சையாங்குப்பம் தாண்டியதும் யாரும் சொல்லாமலே ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள். ஒரு நாள் அழுகிய முட்டை நாற்றம், இன்னொரு நாள் நகப்பூச்சு நெடி, சில நாள்களில் எதோடும் ஒப்பிட முடியாத ஏதோ ஒன்று. சுற்றுப்பட்ட ஊர்களில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: கம்பெனி நாத்தம். எந்தக் கம்பெனியின் நாற்றம் என்று கேட்டால் ஊராராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆய்வு செய்ய வரும் அதிகாரியாலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் போனதற்குக் காற்றின் போக்கு ஒரு காரணம். சட்டம் எழுதப்பட்ட விதம் அதைவிடப் பெரிய காரணம்.

இந்திய அரசின் தொழில் கொள்கையும் சுற்றுச்சூழல் கொள்கையும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று பொதுவாக எழுதுவார்கள். மாநிலத் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் கடலூரில் அமைத்த வேதி ஆலை வளாகத்தில் நடந்ததை மோதல் என்று சொல்வதைவிட, கணக்கு எழுதும் முறையில் இருந்த வேறுபாடு என்று சொல்வது பொருந்தும் என்பது என் கருத்து. நிலம் எடுக்கும்போதும், தண்ணீரும் சாலையும் தரும்போதும், கழிவுநீரைக் கடலுக்குள் விடக் குழாய் போடும்போதும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு அளிக்கும்போதும் அரசு இதை ஒரே வளாகமாகப் பார்த்தது. மாசுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் அது தனித்தனி ஆலைகளாகப் பிரிந்துபோனது. இந்தப் பிரிவு எப்படி ஏற்பட்டது, இடையில் ஒரு முறை அதைச் சரிசெய்யக் கிடைத்த வாய்ப்பு எப்படி நழுவியது என்பதையே இந்த ஆய்வு பார்க்கிறது.

இடம்

நெய்வேலிப் பக்கத்திலிருந்து வரும் பரவனாறு பெருமாள் ஏரி வழியாக வந்து உப்பனாற்றோடு கலக்கிறது. உப்பனாறு கடலுக்கு இணையாக வடக்கு நோக்கி நகர்ந்து, முதுநகர் துறைமுகத்தின் அருகே கடலில் சேர்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் குறுகிய மணல் திட்டில் மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. ஆற்றின் மேற்குக் கரையில், சாலையை ஒட்டி, சிப்காட் வளாகம் இருக்கிறது. குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் ஆகிய ஊர்கள் அதைச் சுற்றியும் அதன் நடுவிலுமாக அமைந்துள்ளன. மடவையும் இறாலும் நண்டும் இந்த ஆற்றை நம்பியிருந்தவர்களின் பிழைப்பு. ஓதம் ஏறி இறங்கும் இதுபோன்ற ஆற்றில் கழிவு விழுந்தால் அது ஒரேயடியாகக் கடலுக்குப் போய்விடாது. அலை ஏறும்போது திரும்பவும் உள்ளே வரும்.

காற்றையும் இங்கே சொல்ல வேண்டும். பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசி நெடியைச் சாலைக்கும் மேற்கு ஊர்களுக்கும் தள்ளும். இரவில் தரை குளிர்ந்ததும் காற்று நின்றுபோய், வெளியான வாயு மேலே கலையாமல் தாழ்வாகத் தங்கும். நாற்றம் அதிகம் வருவது இரவிலும் விடியற்காலையிலும்தான் என்று சுற்றுப்பட்ட ஊரார் வருடக்கணக்காகச் சொல்லிவருவதில் வியப்பில்லை. அலுவலக நேரத்தில் வந்து பார்க்கிறவருக்கு அது தெரியாமல் போவதிலும் வியப்பில்லை.

வளாகம் வந்த கதை

தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தை 1971இல் தொடங்கியது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் உருவானது 1982இல். ஆலைகளை அழைத்துவரும் கை, கண்காணிக்கும் கையைவிடப் பதினொரு வயது மூத்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். கடலூர் வளாகம் 1980களின் முற்பாதியில், அப்போதைய தென்னார்க்காடு மாவட்டத்தில், ஏறத்தாழ 500 ஏக்கரில் அமைந்தது. பின்னர் செம்மங்குப்பம் பக்கத்தில் இரண்டாம் கட்டத்துக்கும் நிலம் எடுக்கப்பட்டது.

அன்றைய கொள்கையைக் கேலி செய்வது எளிது, நியாயமாக இருக்காது. பெருநகரங்களில் மட்டும் ஆலைகள் குவிவதைத் தடுத்துப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு வேலைவாய்ப்பைக் கொண்டுபோக வேண்டும் என்பது அந்தக் காலத்தில் எல்லாக் கட்சிகளும் ஏற்ற கருத்து. அதற்காக மூலதன மானியமும் சலுகை வட்டியும் தரப்பட்டன. 1970இன் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கான காப்புரிமையை நீக்கிச் செய்முறைக் காப்புரிமையை மட்டும் வைத்துக்கொண்டதால், மாத்திரைகளுக்கான மூலப்பொருள்களை உள்நாட்டிலேயே தயாரிக்கும் தொழில் வேகமாக வளர்ந்தது. மருந்து மூலப்பொருள், பூச்சிமருந்து, சாயம், பிசின் போன்றவற்றைச் செய்யும் ஆலைகளுக்குக் கடலோரம் ஏற்ற இடமாகத் தெரிந்தது. தண்ணீர் நிலத்தடியில் கிடைத்தது, கழிவை விடக் கடல் இருந்தது. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் மலிவான மாத்திரைகளுக்கும் இப்படிப்பட்ட வளாகங்களுக்கும் தொடர்பு உண்டு என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

ஆனால் ஆலை மாசைக் கட்டுப்படுத்த அந்த நேரத்தில் நாட்டில் இருந்த முக்கியச் சட்டங்கள் இரண்டே: 1974இன் நீர்ச் சட்டமும் 1981இன் காற்றுச் சட்டமும். போபால் விபத்து 1984 டிசம்பரில் நடந்தது. அதற்குப் பிறகே 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு திட்டம் வருமுன் அதன் விளைவை மதிப்பிட வேண்டும் என்ற அறிவிக்கை 1994இல் வந்தது; மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதி 1997இல் சேர்ந்தது. கடலூர் வளாகம் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. அதனால் இந்த இடத்தில், இந்த ஆற்றங்கரையில், இத்தனை வேதி ஆலைகளை ஒன்றாகக் கூட்டி வைக்கலாமா என்ற கேள்வியை வளாகம் அமையுமுன் யாரும் சட்டப்படி கேட்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. இந்த விடுபாடு பின்னால் வரும் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

நீர்ச் சட்டமும் காற்றுச் சட்டமும் ஒவ்வோர் ஆலையும் வாரியத்திடம் இசைவாணை, அதாவது இயங்குவதற்கான அனுமதி, பெற வேண்டும் என்கின்றன. இசைவாணை ஒரு புகைபோக்கிக்கு, ஒரு கழிவுநீர் வாய்க்காலுக்கு, ஒரு நிறுவனத்தின் பெயரில் தரப்படுவது. முப்பது ஆலைகளும் தத்தம் வரம்புக்குள் இருந்தாலும் அவற்றின் நடுவே இருக்கும் ஊர் வரம்புக்குள் இருக்கும் என்பதற்கு அந்த இசைவாணைகளில் எந்த உறுதியும் கிடையாது; அந்தக் கூட்டல் கணக்கைப் போட வேண்டியது யார் என்று அந்தத் தாள்கள் சொல்வதில்லை.

கழிவுநீரில் மட்டும் ஒன்றுசேர்ப்பு நடந்தது. உறுப்பினர் ஆலைகளின் சுத்திகரிக்கப்பட்ட நீரைக் கூட்டாகச் சேர்த்துக் கடலுக்குள் செலுத்தும் குழாய் அமைந்தது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆற்றிலோ ஏரியிலோ விடும் கழிவுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நாட்டின் பொது விதி; கடலோரத்தில் விட்டால் அது 100 வரை போகலாம். கடல் பெரியது, கரைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அந்த எண்ணில் இருக்கிறது. கரைக்கு அருகே வலை வீசுகிறவருக்குக் கடல் அவ்வளவு பெரியதில்லை.

அளவுகோல் இல்லாத நாற்றம்

2000களின் தொடக்கத்தில் கடலூர் வெளியூர்களிலும் பேசப்படத் தொடங்கியது. 2003இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையிலான மக்கள் தீர்ப்பாயம் இங்கு வந்து விசாரித்து அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு நடந்தது அதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். சிப்காட் சுற்றுப்புற ஊர்களைச் சேர்ந்தவர்கள் பயிற்சி பெற்றுத் தாங்களே காற்றை மாதிரி எடுக்கத் தொடங்கினார்கள். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு தனிவகைப் பை, காற்றை உறிஞ்ச ஒரு சிறு பம்பு: கருவி இவ்வளவுதான். நாற்றம் வந்ததும் தேதி, நேரம், காற்றடிக்கும் திசை, நெடியின் தன்மை, உடலில் என்ன செய்தது ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பையை நிரப்புவார்கள். அந்தப் பைகள் அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. முடிவில் 20க்கு மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் பதிவாயின. அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. உச்ச நீதிமன்றம் அமைத்த அபாயக் கழிவு கண்காணிப்புக் குழு அதே 2004ஆம் ஆண்டில் கடலூருக்கு வந்து பார்த்தது.

முடிவுகளை அமெரிக்க அளவுகோலோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. காரணம், ஒப்பிட இந்திய அளவுகோல் இல்லை. அன்றைக்கு நாட்டின் சுற்றுப்புறக் காற்றுத் தர விதியில் ஏழு பொருள்களே இருந்தன: கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, இருவகைத் தூசு, காரீயம், அமோனியா, கார்பன் மோனாக்சைடு. இவை நகரப் போக்குவரத்தையும் நிலக்கரிக் கொதிகலனையும் மனத்தில் வைத்து எழுதிய பட்டியல். குடிகாட்டில் மூச்சை அடைக்கும் நெடியை இந்த ஏழில் எதிலும் அடக்க முடியாது. அதிகாரி கருவியோடு வந்து ஏழையும் அளந்து, எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனால் அவர் பொய் சொன்னார் என்று ஆகாது. அவர் கையில் கொடுக்கப்பட்ட பட்டியலுக்கு அவர் உண்மையாகவே இருந்தார். ஊரார் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைகளும் சந்திக்க ஓர் எண் இல்லாமல் போனதே சிக்கல்.

2009 நவம்பரில் அந்தப் பட்டியல் பன்னிரண்டாக விரிந்தது. பென்சீன் உள்ளே வந்தது. ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு போடப்பட்டது. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு அந்தப் பன்னிரண்டிலும் இல்லை. இந்த வாயுவை மனித மூக்கு நூறு கோடியில் சில பங்கு அளவிலேயே கண்டுகொள்ளும். பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கினால் மோப்ப நரம்பு மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும். அதாவது, மிகவும் ஆபத்தான கட்டத்தில் மூக்கு கைவிட்டுவிடும். ஊராரின் மூக்கை நம்ப முடியாது என்று சொல்கிற அதிகாரிகள் ஒரு வகையில் சரியாகத்தான் சொல்கிறார்கள், அவர்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல.

இதே காலத்தில், நீரி என்று அறியப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் மாசு கட்டுப்பாடு வாரியத்துக்காகச் செய்த ஆய்வின் விவரம் 2008இல் செய்திகளில் வெளிவந்தது. சிப்காட் பகுதியில் வாழ்நாள் முழுக்க இருப்பவருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, ஏற்கத்தக்க அளவைவிடக் குறைந்தது 2,000 மடங்கு என்பதே அதில் எல்லோரும் பிடித்துக்கொண்ட வரி. மேடைகளில் இந்த எண் எத்தனையோ விதமாகத் திரிந்து பேசப்பட்டிருக்கிறது. நோயாளிகளை எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு அல்ல அது; காற்றில் அளந்த செறிவைச் சூத்திரத்தில் போட்டுப் பெற்ற மதிப்பீடு. போராடுகிறவர்கள் இந்த வேறுபாட்டை விளக்காமல் விட்டது அவர்களுக்கே பின்னால் பலவீனமாக முடிந்தது. ‘மருத்துவமனைக் கணக்கில் அப்படி இல்லையே’ என்ற எளிய பதிலால் அதைத் தள்ளிவிட முடிந்தது. ஆனால் ஒரு மதிப்பீடு இப்படி வந்தால், அடுத்துச் செய்ய வேண்டியது ஊர்வாரியாக நோய்ப் பதிவேடு தொடங்குவது. வாரியத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் இடையே அந்தப் பொறுப்பு யாருடையது என்பதே தெளிவாக எழுதப்படவில்லை.

77.45

2009இல் மத்திய மாசு கட்டுப்பாடு வாரியம், டெல்லி ஐஐடியின் துணையோடு, நாட்டின் 88 தொழில் திரள்களுக்கு மதிப்பெண் போட்டது. காற்று, நீர், நிலம் மூன்றையும் தனித்தனியாக மதிப்பிட்டு, பின் ஒரே எண்ணாகச் சேர்க்கும் இந்த முறைக்கு ஒருங்கிணைந்த சுற்றுச்சூழல் மாசுக் குறியீடு என்று பெயர். நூற்றுக்கு 70க்கு மேல் போனால் அது கடும் மாசுப் பகுதி. 43 இடங்கள் அந்தக் கோட்டைத் தாண்டின. தமிழ்நாட்டில் நான்கு: வேலூர் 81.79, கடலூர் 77.45, மணலி 76.32, கோயம்புத்தூர் 72.38.

முன்பு சொன்ன கணக்கு வேறுபாடு இந்த ஒரு முறைதான் சரியாகத் தலைகீழாகத் திரும்பியது. முதன்முதலாக மாசுக்கான அலகு ஆலை என்பதிலிருந்து இடம் என்பதற்கு மாறியது. எந்தக் கம்பெனி என்று நிரூபிக்க வேண்டிய சுமை ஊராரின் தலையிலிருந்து இறங்கியது. இந்த இடம் தாங்கவில்லை என்பதே போதுமான வாதமானது. 2010 ஜனவரி 13 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 43 இடங்களிலும் புதிய திட்டங்களுக்கும் விரிவாக்கத்துக்கும் அனுமதி வழங்குவதை நிறுத்திவைத்தது.

இரண்டு குறைகள் அந்த ஆணையிலேயே இருந்தன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆலைகளை அது தொடவில்லை. நிறுத்தப்பட்டது புதிய அனுமதிதான். 77.45 என்ற எண்ணை உண்டாக்கியது அந்தப் பழைய ஆலைகளே என்னும்போது இது விநோதமான மருந்து. அடுத்து, தடையிலிருந்து வெளியே வரும் வழி, மாநில வாரியம் ஒரு செயல்திட்டம் எழுதிக்கொடுப்பது என்று வகுக்கப்பட்டது. மதிப்பெண் குறைந்தால் தடை நீங்கும் என்று இருந்திருந்தால் ஊருக்கும் ஆலைக்கும் ஒரே இலக்கு இருந்திருக்கும். திட்டம் எழுதினால் நீங்கும் என்று ஆனதால் காகிதத்துக்கு மதிப்புக் கூடியது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் நாடெங்கும் பல இடங்களில் தொகுதி தொகுதியாகத் தடைகள் விலக்கப்பட்டன.

குறியீட்டின் கணக்கிடும் முறை 2016இல் மாற்றப்பட்டது. புதிய முறையில் தொழில்களின் அளவுக்கு 20, சுற்றுப்புறத் தரத்துக்கு 50, மக்களின் உடல்நலப் புள்ளிவிவரத்துக்கு 10, விதிகளைக் கடைப்பிடிப்பதற்கு 20 என்று மதிப்பெண் பகிர்ந்தார்கள். அளக்கத்தக்கதை மட்டும் வைத்துக்கொள்வோம் என்ற எண்ணம் இதில் தெரிகிறது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் சுற்றுப்புறத் தரத்துக்குப் பாதி மதிப்பெண் தரும்போது, மாதிரியை எந்த நேரத்தில், எந்தப் பொருள்களுக்காக எடுக்கிறோம் என்பதே விடையைத் தீர்மானித்துவிடும். உடல்நலத்துக்குப் பத்து. நோயை முறையாகப் பதிவே செய்யாத இடத்தில் அந்தப் பத்தும் எளிதில் பூஜ்யத்தை நோக்கிப் போகும்.

தடைக்குப் பின் வந்த வரைபடம்

2007இல் மத்திய அரசு பெட்ரோலிய, வேதிப்பொருள் முதலீட்டு மண்டலங்களுக்கான கொள்கையை அறிவித்திருந்தது. ஒரு மண்டலம் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் உற்பத்திக்கு ஒதுக்கப்பட வேண்டும், நடுவே ஒரு பெரிய சுத்திகரிப்பு ஆலை நங்கூரம்போல் நிற்க வேண்டும் என்பது அதன் சட்டகம். கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கடலோரத்துக்கான மண்டலத்துக்கு 2012இல் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. 2010இல் ‘இந்த இடம் தாங்காது, புதியது வேண்டாம்’ என்று சொன்ன அதே அரசு, இரண்டே ஆண்டில் அதே கரையில் அதைப் போலப் பல மடங்கு பரப்புக்கு வரைபடம் போட்டது. இரண்டு முடிவையும் எடுத்தவை வெவ்வேறு அமைச்சகங்கள் என்று சொல்வார்கள். அப்படியானால், ஓர் அமைச்சகம் போட்ட மதிப்பெண்ணை இன்னொன்று படிக்க வேண்டிய கட்டாயமே இல்லை என்று பொருள்.

நங்கூரமாக நினைத்திருந்தது, கடலூருக்குத் தெற்கே கடற்கரையில் கட்டப்பட்டுவந்த நாகார்ஜுனா எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கட்டுமானமும் அன்றைக்குப் பலத்த அடி வாங்கியது. பின்னர் எழவே இல்லை, நிறுவனம் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. மண்டலத்துக்கு ஒப்புதல் வந்தது புயலுக்குப் பிறகு என்பதைக் கவனிக்க வேண்டும். நங்கூரம் அறுந்த பின் கப்பலை இறக்கியிருக்கிறார்கள்.

மண்டலத்துக்கு ஒப்புதல் கிடைத்த அதே ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில் சொன்னது இந்த ஆய்வின் மையத்தைத் தொடுகிறது. பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் அமையவிருந்த நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கு 2010இல் அனுமதி தரப்பட்டிருந்தது. சுற்றிலும் வரவிருக்கும் மற்றத் திட்டங்களோடு சேர்த்து ஒட்டுமொத்தத் தாக்கம் மதிப்பிடப்படவில்லை என்று கூறி, 2012 மே மாதத்தில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை மறுபரிசீலனைக்கு அனுப்பியது. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் சரி, சேர்த்துப் பார்த்தால் என்ன என்று ஒரு நீதி அமைப்பு கேட்டது. பிறகு ஒட்டுமொத்த ஆய்வு நடந்தது, நிலையமும் வந்தது. 1,200 மெகாவாட் திறனோடு இன்று இருக்கிறது. கேள்வி ஏற்கப்பட்டாலும், அந்தக் கூட்டல் கணக்கு சிப்காட்டின் பழைய ஆலைகளுக்குப் பின்னோக்கிப் பொருத்தப்படவில்லை.

2017 ஜூலையில் மாநில அரசு முதலீட்டு மண்டலத்துக்காக இரு மாவட்டங்களிலும் 45 கிராமங்களில் 57,000 ஏக்கருக்கு மேல் அறிவிக்கை செய்தது. காவிரிப் படுகையில் எதிர்ப்பு வலுத்தது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியதோடு அந்த அறிவிக்கையும் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சட்டத்தின் கோடு எங்கே போகிறது என்று பார்த்தால் பலது புரியும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு, கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து வட்டாரங்கள் உள்ளே வந்தன. சிப்காட் இருக்கும் கடலூர் வட்டாரம் வெளியே நின்றது. நெல் விளையும் பகுதியைக் காப்பாற்றும் சட்டம் அது, அந்த அளவில் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன இடத்தை வரைபடத்தில் வேறு நிறமாக விட்டுவிட்டால், அடுத்து வரும் ஆலைகளும் அங்கேயே போகட்டும் என்று சொன்னதாகிவிடுகிறது.

நடக்காத கூட்டம்

2006இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் ஒரு சிறு பிரிவு இருக்கிறது. உரிய அதிகாரிகள் ஒப்புதல் அளித்த தொழில் வளாகத்துக்குள் வரும் ஆலைகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்கிறது அது. அதன் பின்னால் உள்ள தர்க்கம் தவறில்லை: வளாகத்துக்கே ஒரு முறை கூட்டம் நடந்துவிட்டால், உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்ப ஊரைக் கூட்ட வேண்டியதில்லை. ஆனால் கடலூர் வளாகம் அமைந்த நாளில் கூட்டம் நடத்தும் சட்டமே இல்லை. நடக்காத கூட்டத்தின் பேரில் விலக்கு கிடைப்பது என்பது, பந்தி போடாமலே சாப்பிட்டாயிற்று என்று கணக்கு எழுதுவதைப் போன்றது. பழைய வளாகங்களுக்கு இந்த விலக்கு பொருந்துமா என்பதை விளக்க அமைச்சகம் பின்னாளில் ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றறிக்கைகளை வெளியிட வேண்டியிருந்ததே இந்தக் குழப்பத்துக்குச் சான்று.

கூட்டம் ஒன்று நடந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற மயக்கம் எனக்கு இல்லை. நடந்த கூட்டங்கள் பலவற்றில் பேருந்தில் ஆள் கொண்டுவந்து இறக்கியதை நாம் அறிவோம். ஆனால் கூட்டம் என்றால் அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் முன்கூட்டியே வைக்க வேண்டும், மாவட்ட ஆட்சியரோ அவர் அனுப்பும் அதிகாரியோ உட்கார வேண்டும், சொன்னதெல்லாம் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு பின்னால் வழக்குக்கு ஆதாரமாகும். அது இல்லாத இடத்தில் மிஞ்சுவது திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் நீட்டும் மனுதான்.

சமீபத்திய ஆண்டுகள்

2021 மே 13 அன்று வளாகத்தின் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் ஏற்பட்ட விபத்தில் நால்வர் இறந்தனர். 2025 மே மாதத்தில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, அந்த நீர் குடிகாட்டில் வீடுகளுக்குள் புகுந்தது. விபத்து என்றால் எந்த ஆலை என்று உடனே தெரிகிறது. வழக்கு, மூடல் உத்தரவு, நிவாரணம் எல்லாம் ஓடிவருகின்றன. தினமும் மெல்ல வெளியேறுவதற்கு அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆலையை அலகாக வைத்து எழுதிய சட்டம் வெடிப்பைக் கையாளும், நெடியைக் கையாளாது என்பதற்கு இந்த இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே கழிந்த நான்கு ஆண்டுகளைப் பார்த்தால் போதும்.

இடையில் தண்டனையின் தன்மையும் மாறியது. 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் காற்றுச் சட்டத்திலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் இருந்த சிறைத் தண்டனைகளில் பெரும்பாலானவற்றை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதமாக்கியது. நீதிமன்றம் போய் இழுத்தடிப்பதைவிட அபராதம் விரைவாக வசூலாகும் என்பது அரசின் வாதம். முன்பு இருந்த சிறைத் தண்டனை எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்டால் அந்த வாதத்தை முழுதாக மறுக்கவும் முடியாது. நீர்ச் சட்டத்தின் இதே திருத்தம் 2024இல் வந்தபோது, அது மாநிலங்களின் பொருள் என்பதால், முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பிரதேசங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் பொருந்தியது. மற்ற மாநிலங்கள் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே முள்ளோடை எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் ஓர் ஆலை ஆற்றைக் கெடுத்தால் ஒரு சட்டம், இந்தப் பக்கம் கடலூரில் கெடுத்தால் அதே சட்டத்தின் வேறு வடிவம் என்ற நிலை உருவானது. கடலுக்கு எல்லைக் கல் கிடையாது என்பதை நாடாளுமன்றம் கவனித்ததாகத் தெரியவில்லை.

என்ன செய்யலாம்

கடலூருக்குப் புதிதாக ஒரு பெரும் சட்டம் தேவை என்று நான் நினைக்கவில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம், ஐந்தாம் பிரிவுகளில் மத்திய அரசுக்கு இருக்கும் அதிகாரமே போதும். வளாகம் முழுமைக்கும் ஒரு சுமை வரம்பு வைக்கலாம்: இந்த ஆற்றங்கரையில் ஓராண்டில் கரைப்பான்கள் போன்றவற்றிலிருந்து இவ்வளவு கரிம ஆவிதான் வெளியேறலாம், அதை ஆலைகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று. அப்போது ஒருவர் மீறினால் பக்கத்து ஆலைக்காரருக்கும் நட்டம். நெடி யாருடையது என்பதை ஊராரைவிட அவர் நன்றாகவே கண்டுபிடித்துவிடுவார். கடல் குழாயைக் கூட்டாக நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியமில்லை.

ஹைட்ரஜன் சல்பைடுக்கும் வளாகத்தில் புழங்கும் முக்கியக் கரைப்பான்களுக்கும் சுற்றுப்புறக் காற்று வரம்பு வேண்டும். அவற்றை இரவில் அளக்க வேண்டும். கருவி ஆலையின் சுற்றுச்சுவருக்குள் இருப்பதோடு, குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் ஊர்ப் பள்ளிக்கூடத்து மாடியில் இருக்க வேண்டும், எண் ஊராட்சி அலுவலகப் பலகையில் தெரிய வேண்டும். அபாயகரமான வேதிப்பொருள்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள், ஆலைக்கு வெளியே நேரக்கூடிய நெருக்கடிக்கான திட்டத்தை மாவட்ட நிர்வாகம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. அந்தத் திட்டம் ஒன்றுதான் வளாகத்தையும் ஊரையும் சேர்த்து ஓர் இடமாகப் பார்க்கும் ஆவணம். அதைத் தமிழில் அச்சிட்டு வீட்டுக்கு ஒரு பிரதி கொடுப்பதற்குச் செலவு அதிகமில்லை.

நோய்ப் பதிவேட்டைப் பற்றி முன்பே சொன்னேன். அதை இன்று தொடங்கினாலும் பயன் தரப் பத்து ஆண்டுகள் ஆகும். 2008இல் தொடங்கியிருந்தால் இப்போது கையில் இருந்திருக்கும்.

கடைசியாக, நடக்காத அந்தக் கூட்டம். வளாகத்துக்கு இனி ஒரு புதிய ஆலையோ விரிவாக்கமோ வருமுன், சிப்காட் நிறுவனமே விண்ணப்பதாரராக நின்று, முழு வளாகத்துக்குமான தாக்க மதிப்பீட்டை வைத்து, உப்பனாற்றின் இரு கரை ஊர்களையும் அழைத்து ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தலாம். வளாகத்தை ஒரே சொத்தாக வைத்து மனை குத்தகைக்கு விடும் நிறுவனம் அது. அந்தச் சொத்துக்காக மேடையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியதும் அதுவே. இதற்கு இப்போதுள்ள அறிவிக்கையில் தடை ஏதும் இல்லை. மாநில அரசு ஓர் ஆணை போட்டால் போதும்.